நிமிடத்துக்கு முப்பது மில்லி

அளவுக் குவளையைக் குழாய்முனையில் பிடித்து
கைப்பேசியில் ஒரு நிமிடம் ஓடவிடுகிறேன்.
முப்பது மில்லி.
பெட்டியில் அச்சடித்திருப்பது நூற்றைம்பது.
நான்தான் அவசரப்பட்டேனோ என்று
இன்னொரு நிமிடம்.
இருபத்தெட்டு.

தொட்டியில் நீர்மட்டம் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது.
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட இறால்கள்,
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு,
பாசியை மேய்கின்றன.
குழாய்நீர் ஒத்துக்கொள்ளாத குடும்பம்.
அதே நீரைத்தான் நானும் குடிக்கிறேன்,
எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று
அவற்றிடம் சொல்லியும் பார்த்தாயிற்று.

இந்த ஊர் ஏற்கனவே சலித்த தண்ணீர் இது.
மழையை, கடலை, அக்கரை ஆற்றை,
நேற்று நாம் கழுவி ஊற்றியதைக்கூட
விடாமல் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள்.
அதை ஈசூனில், பதினாறாம் மாடியில்,
சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே
மறுபடி சலிக்கிறோம்.
இறாலுக்காக.

முகுந்தன் புருணைக் கடலில், எண்ணெய் மேடையில்.
ஐந்து வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே.
‘தண்ணி மெதுவா வருது’ என்று அனுப்பினால்
ஒற்றை டிக்.
மறுநாள் மதியம் இரண்டாவது.
இரவில், காற்றிரைச்சலுக்கு அடியிலிருந்து குரல்:
‘பிரஷர் பாரு.’

பார்த்தேன்.
உச்சி மாடி. கூரைத் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால்
தண்ணீருக்கு விழ உயரமில்லை.
ஆனால் போன மாதமும் இதே மாடிதான்.
முள்ளும் அவன் பேனாவால் குறித்துவைத்த
கோட்டிலேயே நிற்கிறது.

மின்தூக்கி அருகே நகர மன்ற அறிவிப்பு, நான்கு மொழியில்:
கூரைத் தொட்டி சுத்தம், செவ்வாய்க்கிழமை.
பிடித்துவிட்டேன் என்று ஓடிவந்து
வண்டல் வடிகட்டியைக் கழற்றினால்
வெள்ளை வெளேரென்று என்னைப் பார்த்தது.
குழாய் எங்கும் மடங்கவில்லை.
இயந்திரத்தை இழுத்துப் பார்த்ததில் கிடைத்தவை:
ஒரு காலுறை, இருபது காசு.

சிராங்கூன் நார்த்தில் மீன்கடை ஹோக் செங்
பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்,
மெம்பிரேன் போச்சு, அறுபத்தெட்டு வெள்ளி.
ஒன்றரை நாள் கழித்து முகுந்தனும் அதையே.
‘மத்ததெல்லாம் நான் கெளம்புறதுக்கு
முந்தின ராத்திரி மாத்திட்டேன்ல.’

மாற்றினான்தான்.
அந்த இரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
எதற்கு என்பது இப்போது
எனக்கே சரியாக நினைவில்லை.
முதுகைக் காட்டி, திருகுசாவியும் கையுமாய்
அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தான்.
நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.
அடுக்களை விளக்கையும் சேர்த்து.

நடுக்குடுவை மட்டும்தான் நான் திறக்காதது.
புதியதை யார் சந்தேகப்படுவார்?
அறுபத்தெட்டு வெள்ளியை நினைத்துக்கொண்டு
இரவு பதினொன்றுக்குத் திருகினேன்.
கால்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது.
உள்ளே கரிக்கட்டை,
கடையில் உடுத்தியிருந்த பிளாஸ்டிக் உறையோடு
அப்படியே உட்கார்ந்திருந்தது.
ஓரத்தில் நகம் பட்டுக் கிழிந்த ஓரங்குலம்.
மூன்று வாரமாய் அந்த வழியாகத்தான்
வந்திருக்கிறது எல்லாமும்.

ஈரத்தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.
அப்புறம் கோபம் வந்தது,
யார்மேல் என்று தீர்மானிக்க முடியாமல் போய்விட்டது.

கரி முதலில் கறுப்பாய்க் கக்கியது.
ஒரு வாளியைக் கழிப்பறையில் ஊற்றினேன்.
குவளை, கைப்பேசி, ஒரு நிமிடம்:
நூற்று நாற்பது.

‘சரியாயிடுச்சு’ என்று அனுப்பினேன்.
அதிசயமாய் இரண்டு டிக்கும் உடனே.
‘மெம்பிரேன் மாத்தினியா?’

‘இருட்டுல மாட்டினா’ என்று தட்டி,
அழித்தேன்.
உறை பாத்திரத் தட்டில் காய்கிறது,
உள்ளே ஒன்றுமில்லாமல் உருளையாகவே.
அவன் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதாய்க் காட்டுகிறது,
நிற்கிறது,
மறுபடியும் காட்டுகிறது.
வாளி நிரம்பிவிட்டது.
அடுத்ததை நகர்த்தி வைக்கிறேன்.